சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?



2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நம்ம செஞ்சிக் கோட்டையின் கருங்கல் மதிலுக்குப் பெயிண்ட் தேவையில்லை. ஆனால் அதன் அடிவாரத்தில் நிற்கும் காரின் இரும்புச் சக்கரம் அப்படியா? இரண்டு ஐப்பசி மழை போதும், பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துரு!

போன ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவின் பழைய அம்பாசிடருக்கு நானே சக்கரப் பெயிண்ட் அடித்தேன். "பாலிடெக்னிக் படிக்கிற மாப்ளே இருக்கும்போது பெயிண்டர் எதுக்கு?" என்று மாமாவுக்கு ஒரே பெருமை. உள்ளும் புறமும் ஒரு இடம் விடாமல் அடித்தேன். பூசை முடிந்து குடும்பத்தோடு திண்டிவனம் போய்த் திரும்பும்போது முன்பக்கம் 'கடக், கடக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் நட்டுகள் கையாலேயே சுழல்கின்றன! பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

காரணம் என்ன? நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. அது ஸ்பிரிங் மாதிரி சுருங்கப் பார்ப்பதால்தான் சக்கரம் ஹப்போடு அழுந்தி நிற்கிறது. நடுவில் பெயிண்ட் படலம் இருந்தால், ஓட்டத்திலும் சூட்டிலும் அது நசுங்கி மெலியும். ஸ்டட்டின் நீட்சியே மயிரிழைதானே? படலம் அந்த அளவு மெலிந்தால் இறுக்கம் போச்சு!

ஆகவே ஹப்பில் பொருந்தும் பின்முகம், நட்டு உட்காரும் குழி, இந்த இரண்டு இடத்திலும் பெயிண்ட் கூடவே கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

செய்முறை இதோ:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

2. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வயர் பிரஷ்ஷால் துருவை உரியுங்கள். 80ஆம் நம்பர் எமரி, பிறகு 220 போட்டுத் தேயுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மிச்சம் வைத்தால் அடியிலிருந்தே பெயிண்டைத் தூக்கிவிடும். விரிசல் கண்டால் சக்கரத்தையே மாற்றுங்கள். பெயிண்ட் விரிசலை மறைக்கும், ஒட்டாது.

3. பின்முகம், நட்டுக் குழிகள், காற்றடிக்கும் வால்வு எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய சீட்டுக்கட்டுச் சீட்டுகளைச் சுற்றிலும் செருகினால் டயரில் பெயிண்ட் படாது.

4. தின்னர் தொட்ட துணியால் துடைத்து, இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். அலாய் வீலுக்கு அது சரிப்படாது. அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் வேண்டும். ஸ்பிரேயை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, 10-15 நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட் கொடுங்கள். ஒரேயடியாக அடித்தால் வழியும். மழை ஈரத்திலும் உச்சி வெயிலிலும் வேண்டாம். காற்றோட்டமான இடமும் மாஸ்க்கும் அவசியம். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

5. ஒரு முழு நாள் காயவிடுங்கள். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

அன்று நடுவழியில் நட்டுகளை இறுக்கி, மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தோம். மறுநாள் நாலு சக்கரத்தின் பின்முகத்தையும் குழிகளையும் நானே சுரண்டினேன். மாமா திட்டவில்லை. "மாப்ளே, பளபளப்பை ஊரே பாக்கும். நட்டை நீதான் பாக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

வகுப்பில் நாலு மார்க்குக்காகப் படித்த போல்ட் பாடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு இதைப் படிக்கும்போதே புரியட்டும், நண்பர்களே!