மோருக்குப் பதில் ஒரு மலைச்செடி

ராத்திரி பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டு உறை ஊற்றப் போனால், மோர்ப் பாத்திரம் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருக்கும். நம்மில் யாருக்குத்தான் இது நேர்ந்ததில்லை? கையில் டம்ளரோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். அங்கேயும் விளக்கை அணைத்துவிட்டார்கள் என்றால், இரண்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டுவிட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டு படுப்போம்.

சுவீடன், நார்வே நாடுகளின் மலைப்பக்கத்துப் பெண்களுக்கு ஒரு காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஈரம் ஊறும் சதுப்பில் ஒரு சின்னச் செடி இருக்கும். அதன் இலைதான் அவர்களுக்கு உறைமோர்! செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தாரே லின்னேயஸ், அவர் 1732-ல் லாப்லாந்து என்ற வடகோடிப் பிரதேசத்தில் சுற்றினார். 1737-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். பச்சை இலைகளை வடிகட்டியில் பரப்பி, கறந்த சூடு ஆறாத பாலை அதன் மேல் ஊற்ற வேண்டும். ஓரிரண்டு நாள் அசையாமல் வைத்தால் பால் கெட்டியாகி, தண்ணீர் பிரியாமல் நிற்கும். அதில் அரைக் கரண்டி எடுத்து வேறு பாலில் விட்டால் அதுவும் உறையுமாம். நம் உறைமோர் கதையேதான்!

ஒரு வித்தியாசம். அந்தத் தயிரைக் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். நம் வீட்டில் தயிர் நூல் விட்டால் மாமியார் பார்ப்பதற்குள் கொட்டிவிடுவோம். அங்கே அதுதான் பக்குவம்!

இலைதான் உறைய வைத்ததா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பாலை உறைய வைப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான், நூல் விட வைப்பதும் அவைதான். பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இலையை மட்டும் போட்டு அந்தப் பக்குவம் எளிதில் வரவில்லை. ஆகவே எந்த இலையையாவது பறித்துப் பாலில் போட்டுப் பார்க்காதீர்கள், சகோதரிகளே. குழந்தைகள் இருக்கும் வீடு!

செடியின் இங்கிலீஷ் பெயர் பட்டர்வொர்ட். நாம் வெண்ணெய்ப் பூண்டு என்று வைத்துக்கொள்வோம் (ரசத்துக்குத் தட்டிப் போடும் பூண்டு இல்லை!). விஞ்ஞானப் பெயர் பிங்குவிகுலா. கொழுப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவினாற்போல் பிசுபிசுக்கும். மஞ்சள் கலந்த பச்சையில் ஏழெட்டு இலைகள், தரையோடு தரையாக, நட்சத்திர மீன் மாதிரி விரிந்து கிடக்கும். முழுச் செடியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத மெல்லிய காம்பு எழும்பி, நுனியில் ஒரே ஒரு ஊதாப் பூ. பூவின் பின்பக்கம் ஒரு சின்ன வால். ஆல்ப்ஸ் மலைகளிலும் ஐரோப்பாவின் வடக்கிலும் மே மாதத்திலிருந்து ஜூலை வரை பூக்கும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இந்தச் செடி விஷயத்தில் இறங்கியதற்குக் காரணமே என் அசட்டுத்தனம். சில வருஷங்களுக்கு முன் புரட்டாசி லீவில் கோத்தகிரிப் பக்கம் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஈரப் புல்வெளியில் பனித்துளிகளைக் கோத்தாற்போல் ஒரு குட்டிச் செடி மின்னியது. நம் மூலிகைக்காரர்கள் அழுகண்ணி என்று சொல்கிற வகை. ஆசை தாளாமல் வேரோடு தோண்டி, ஈரத்துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். நல்ல செம்மண், மக்கிய சாணி எரு, வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குத் தண்ணி என்று ராஜ உபசாரம். பத்தே நாளில் கருகிப் போயிற்று.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் பெண் லீவுக்கு வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, அதுக்கு எருவே ஆகாது. நீ சோறு போட்டே கொன்னுட்டே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவள் புத்தகத்தில் படம் காட்டி விளக்கியபோதுதான் வெண்ணெய்ப் பூண்டும் பிழைப்பில் அழுகண்ணிக்குச் சொந்தம் என்று தெரிந்தது. குடும்பம் வேறு, பிழைப்பு ஒன்றே.

மலைச் சதுப்பில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். காற்று உள்ளே போகாது, குளிர் வேறு. அதனால் செத்த இலையும் தழையும் மக்கி எருவாகாமல் அப்படியே கறுத்து அடுக்கடுக்காகப் படிந்துவிடும். பனி உருகிப் பாறையிடுக்கில் கசிந்து வருகிற நீரிலும் சத்து ஜாஸ்தி கிடையாது. செடிக்கு முக்கியமான நைட்ரஜன் அங்கே அருமையிலும் அருமை. நெடுநெடுவென்று வளரும் புல்லுக்கு அந்த இடம் கட்டுப்படியாகாது. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த மண்ணில்தான் வெண்ணெய்ப் பூண்டு நிம்மதியாக வெயில் காய்கிறது.

சத்துக்கு என்ன செய்கிறது? பூச்சி பிடிக்கிறது! இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சுரப்பிகள். காம்பு வைத்தவை பசையைச் சுரக்கும்; கொசு மாதிரி சின்னப் பூச்சி உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். திமிறத் திமிற இன்னும் ஒட்டும். பிறகு இலையோடு ஒட்டிக் கிடக்கும் சுரப்பிகள் ஜீரண நீரை விடும். இலையின் ஓரமும் மெதுவாக, மணிக்கணக்கில், அப்பளம் சுருளுவது போல உள்ளே சுருளும். சாறு வழிந்து போகாமலும், மழை இரையை அடித்துப் போகாமலும் இருக்கத்தான். சில நாளில் பூச்சியின் வெறும் கூடுதான் மிச்சம்.

சார்லஸ் டார்வின் 1875-ல் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அவருக்கு வந்த 39 இலைகளில் 32-ல் பூச்சிகள் ஒட்டியிருந்தன, மொத்தம் 142! பொறுமையாக எண்ணியிருக்கிறார் மனுஷன்.

பூச்சியைத் தின்னும் செடிக்கே மகரந்தம் சுமந்து வரவும் பூச்சிதான் வேண்டும். அதனால்தான் பூ மட்டும் இலையை விட்டு எட்டி உயரத்தில் நிற்கிறது போலிருக்கிறது. விருந்தாளி வாசலோடு வந்து போகலாம். அடுப்பங்கரைப் பக்கம் வந்தால்தான் ஆபத்து.

குளிர்காலம் நெருங்கினால் இலைகளெல்லாம் அழுகி, வேரும் போய், பட்டாணி போல ஒரு பச்சை மொட்டு மட்டும் மிஞ்சும். அதுதான் பனிக்கடியில் மாதக்கணக்கில் தூங்கும் செடி. அதைச் சுற்றிக் குட்டி மொட்டுகளும் இருக்கும். வேர் இல்லாததால் பனி உருகும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய், தங்கிய இடத்தில் முளைத்துக்கொள்ளும்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும் இரண்டு விஷயத்துக்கு அதனிடம் பதில் இல்லை. ஒன்று, கால்வாய் வெட்டிச் சதுப்பை வடிய விடுவது. இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் பல இடங்களில் இது மறைந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். மற்றொன்று, நான் என் தொட்டியில் செய்த அதே காரியம். மேட்டு நிலத்தில் போட்ட உரம் மழையோடு இறங்குகிறது. மாட்டுப் பண்ணைகளின் அமோனியா காற்றோடு வருகிறது. சதுப்புக்குச் சத்து ஏறினால் புல் மளமளவென்று வளர்ந்து, தரையோடு கிடக்கும் செடிக்கு வெயிலே படாமல் மூடிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்ப்ஸ் பகுதியில் அந்தக் காலத்தில் மாட்டுக்கு விரிக்கச் சதுப்புப் புல்லை வருஷா வருஷம் அறுத்துப் போவார்கள். அரிவாள் பட்டதாலேயே அந்த இடம் வெளிச்சமாக இருந்தது. அந்த வழக்கம் நின்ற இடங்களில் புதர் ஏறுகிறது. இப்போது இயற்கைப் பாதுகாப்புக்காகவே சில சதுப்புகளில் மறுபடி அறுக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் ரோத்தன்துர்ம் என்ற ஊரின் சதுப்பில் ராணுவப் பயிற்சி மைதானம் அமைக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை. 1987 டிசம்பரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்து, முக்கியமான சதுப்பு நிலங்களைக் காப்பது அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. அந்த நாட்டில் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைத்தது 1971-ல்தான். பதினாறே வருஷத்தில் இதற்கும் அவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

ஸ்காட்லாந்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊதாப் பூ வகை அங்கே இன்றும் உண்டு. ஆனால் வெள்ளைப் பூவில் மஞ்சள் பொட்டு வைத்த இன்னொரு வகை, பிங்குவிகுலா ஆல்பைனா, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அங்கிருந்து போயே போய்விட்டது. இந்த வகை குளிர்காலத்திலும் வேரை விடாது. நம் இமயமலையிலும் 3,000 மீட்டருக்கு மேல், நீர் கசியும் பாறை ஓரங்களில் இருக்கிறது.

என் பெண்ணின் வகுப்பை அடுத்த வருஷம் இமயமலைப் பக்கம் அழைத்துப் போகிறார்களாம். "கண்ணில பட்டா உனக்கு ஒண்ணு பிடுங்கிட்டு வரட்டுமாம்மா?" என்று சீண்டுகிறாள். போட்டோ போதும் என்றேன். பக்கத்தில் அவள் சுண்டுவிரலையும் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு சின்னது என்று தெரிய வேண்டாமா!