சிங்கமில்லாக் காட்டுக்குப் போகிறவர் கவனத்துக்கு

கென்யா என்றதும் நம் கண்ணில் முதலில் வந்து நிற்பது மசாய் மாரா. புல்வெளி, திறந்த ஜீப், தூரத்தில் படுத்திருக்கும் சிங்கம். அதே நாட்டின் மேற்கே ககமேகா என்றொரு மழைக்காடு இருப்பது பெரும்பாலும் பறவை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். காங்கோ படுகைக் காடுகள் ஒரு காலத்தில் அதுவரை நீண்டிருந்தன. அதன் கிழக்கு நுனியில் மிஞ்சிய துண்டு இது. 1933-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். பரப்பு சுமார் 240 சதுர கிலோமீட்டர். அதில் இன்று இயற்கைக் காடாக நிற்பது பாதிக்கும் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள். பறப்பதைவிடக் கிளைமேல் ஓடுவதிலேயே விருப்பமுள்ள பெரிய நீல டுராக்கோ உண்டு. கறுப்பு வெள்ளை இருவாச்சியும் உண்டு. வால்பாறையில் இருவாச்சியின் சிறகொலியைக் கேட்டவருக்கு இங்கே தலைக்கு மேல் வரும் ஓசை அந்நியமாக இராது.

இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. யானையும் காட்டெருமையும் எப்போதோ அற்றுப்போயின. அதனால் நடந்தே சுற்றலாம். அதுதான் இதன் அழகு. போகிறவர்களை அசட்டையாக விட்டுவிடுவதும் அதுதான். ககமேகாவுக்குப் போகிறவருக்குத் தொல்லை வருவதானால் அது கொசுவாலும், ஒரு தடுப்பூசி அட்டையாலும், கைக்கு வராத ரசீதாலும், பெட்டிக்குள் கிடக்கும் பாலிதீன் பையாலும்தான் வரும். இவை நான்குக்கும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வழி செய்துகொள்ளலாம்.

தடுப்பூசியிலிருந்து தொடங்குவோம். யெல்லோ ஃபீவர் எனப்படும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது, இந்தியா இல்லை. ஆகவே இந்தியாவிலிருந்து நேராக நைரோபியில் இறங்குகிறவரிடம் கென்ய அதிகாரி அந்த அட்டையைக் கேட்காமலே விட்டுவிடலாம். அதை வைத்து, ஊசியே தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. சிக்கல் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சண்டை போட்டுப் பயனில்லை. சட்டம் அவர்கள் பக்கம்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வது அதனால் உதவாது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்பது 2016 முதல் உலக விதி. அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டதுதான் கணக்கு. சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் தெரிந்த இடம். கூட்டமும் நாள் கட்டுப்பாடும் உண்டு, முன்பே விசாரித்துப் போக வேண்டும். அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் ஒரு தீராத வம்பு. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். அட்டையில் ஒற்றை எழுத்தோடு நிற்கும். பாஸ்போர்ட் எண், மருந்தின் தொகுதி எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். அறுபது வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர் விலக்குக் கடிதம் தரலாம். அந்தக் கடிதம் தனிமைப்படுத்தலிலிருந்தும் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. ஊசியே போடாமல் அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது போலி ஆவணம். மாட்டிக்கொள்வது அட்டையில் பெயர் உள்ளவர்தான்.

மலேரியா இதைவிட உடனடியான ஆபத்து. நைரோபி உயரமான ஊர், அங்கே மலேரியா குறைவு. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ககமேகாவுக்கும் மாத்திரையில்லாமல் போகிறார்கள். ககமேகாவும் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலேதான். ஆனால் விக்டோரியா ஏரியைச் சுற்றிய மலேரியாப் பகுதிக்குள் வருவது. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைக்கும். தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பும், சிலவற்றை இரண்டு மூன்று வாரம் முன்பும் தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுவினும் காட்டைவிட்டு வந்தபின் இன்னும் நான்கு வாரம் சாப்பிட வேண்டியவை. அடோவகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. போட்டோ என்ற சிறு இரவு விலங்கைத் தேடி டார்ச்சோடு நடக்கிறவர் முழுக்கைச் சட்டையோடு நடக்கட்டும்.

திரும்பி வந்து சில வாரங்களிலோ சில மாதங்களிலோ காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமே ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்பதாக இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் நியாயமாகவே டெங்குவையும் டைபாய்டையும் தேடுவார். மாத்திரை சாப்பிட்டவருக்கும் மலேரியா வரலாம். ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் பரிசோதனையில் தெரியாமல் போனாலும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி நுழைவு அனுமதி. 2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையைக் கைவிட்டு மின்னணுப் பயண அனுமதி என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. தொடங்கியபோது கட்டணம் 30 டாலர். இணையத்தில் தேடினால் அரசு முத்திரைபோல ஒன்றைப் போட்டுக்கொண்டு பல மடங்கு கேட்கும் தளங்கள்தான் பலநேரம் மேலே நிற்கும். கென்ய அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓ புள்ளி கேஇ’ என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் பாஸ்போர்ட் பக்கத்தை ஏற்றாதீர்கள்.

ககமேகாவுக்கென்று ஒரு தனி வில்லங்கம் உண்டு. காடு ஒன்று, நிர்வாகம் இரண்டு. வடக்கே புயாங்கு பகுதி தேசியக் காப்பிடம். அது வனவிலங்குத் துறையின் கையில். தெற்கே இசெச்செனோ பகுதி வனத்துறையின் கையில். ஒன்றுக்கு வாங்கிய சீட்டு மற்றதற்குச் செல்லாது. ‘வனக் கட்டணம் உட்பட’ என்று பயண நிறுவனம் எழுதியிருந்தால் எந்தப் பாதிக்கு, எத்தனை நாளுக்கு என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் வாசலில் நின்றுகொண்டு இரண்டாவது முறை பணம் கட்டுவது நீங்களாகத்தான் இருக்கும். வனவிலங்குத் துறை இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, அரசின் இணையவழியில் கட்ட வேண்டும். எனவே ‘பணத்தைக் கையில் கொடுங்கள், நான் உள்ளே விட்டுவிடுகிறேன்’ என்ற பேச்சு வந்தாலே அது அரசுக் கணக்குக்குப் போகாத பணம் என்று புரிந்துகொள்ளலாம். ரசீது கேட்பது உங்கள் உரிமை.

வழிகாட்டியை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள். இசெச்செனோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். டர்னர் எரெமோமெலா என்றொரு குட்டிப் பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது, மர உச்சியில்தான் திரியும். அதன் குரல் தெரிந்த காது பக்கத்தில் இல்லாவிட்டால் கழுத்துவலிதான் மிச்சம். பதிவு செய்த குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். கூட்டை விட்டுப் பறவை மறுபடி மறுபடி வந்து போவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

சியாஃபு என்கிற படையெறும்புகளைப் பற்றியும் அவர்தான் சொல்லித் தருவார். பாதையின் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கரிய கயிறு ஊர்ந்துகொண்டிருக்கும். ஓரங்களில் பெரிய தலையுடைய சிப்பாய்கள் தாடையை விரித்தபடி நிற்கும். அந்தக் கயிறு அவிழ்ந்து தரை முழுதும் பரவிவிட்டால் அதற்குள் கால் வைத்தவர் பாடு பெரும்பாடு. பேன்ட்டுக்குள் ஏறி, கவ்விய தாடையை விடாது. ஆனால் பறவை பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டமில்லை. எறும்புக்குப் பயந்து சருகிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க, சாதாரணமாகக் கண்ணிலேயே படாத இருட்டுக்காட்டுப் பறவைகள் கூட்டமாக வந்து தாழ்கிளைகளில் உட்காரும். பேன்ட்டின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வழிகாட்டி காட்டிய இடத்தில் அசையாமல் நில்லுங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது.

அதே சருகில் கபூன் விரியனும் படுத்திருக்கும். வம்புக்கு வராது, மிதித்தால்தான். ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும் பல் அதற்கு. நம்மூர் முறிமருந்தைக் கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சில் தயாராகும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. ஆப்பிரிக்கப் பாம்புக்கு அது கேட்காது. கடி பட்டால் கீறவோ கட்டவோ கூடாது. அந்தக் காலை அசைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். பயணக் காப்பீட்டில் ‘அவசர மருத்துவ இடமாற்றம்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். கென்யாவில் ஆம்ரெஃப் ஃபிளையிங் டாக்டர்ஸ் என்ற விமான மருத்துவச் சேவை 1957 முதல் இயங்குகிறது. குறுகிய காலச் சந்தா கட்டி அதில் சேர்ந்துகொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்துக் காப்பீடு எடுத்தால் கோரிக்கை வைக்கும்போது அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள்.

காட்டிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள் என்பதை ஏதோ நல்லொழுக்கப் பாடமாக நினைக்கிறோம். கென்யாவில் அது குற்றவியல் சட்டம். 2025-இல் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சோதனைக் குழாய்களில் ஐயாயிரம் எறும்புகளை அடைத்து வைத்திருந்ததற்காகப் பிடிபட்டார்கள். பொழுதுபோக்குக்காகச் சேர்த்தோம் என்றார்கள். நீதிமன்றம் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டுச் சிறை என்றது. பட்டாம்பூச்சிக்குப் பேர்போன ககமேகாவில் கீழே கிடந்த இறக்கையைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள ஆசை வரும், வேண்டாம். இறகு, ஓடு, எலும்பு, தந்த வளையல் எதற்கும் இதே பதில். தப்பி வந்தாலும் இங்கே சுங்கத்துறையும், 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குச் சட்டமும் இருக்கின்றன.

பாலிதீன் பைக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பை தடை. அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறை நான்காண்டு வரை போகலாம். 2020 ஜூன் முதல் காப்புக்காடுகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. முறுக்கும் பருப்புப்பொடியும் பாலிதீனில் கட்டிப் போகும் வழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்காவது மாற்றி, டப்பாவுக்கும் துணிப்பைக்கும் மாறிக்கொள்ளுங்கள். விமானத்துறை அனுமதியில்லாத டிரோனும் பறிமுதலாகும். விலையுயர்ந்த கேமராவும் லென்ஸும் கொண்டுபோகிறவர், கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் காட்டிச் சான்று பெற்றுவிட்டால் திரும்பும்போது வரி கேட்கும் பேச்சு எழாது.

விறகுக் கட்டோடு வரும் பெண்களைக் கண்டதும் காட்டை அழிக்கிறவர்கள் என்று படம் எடுத்துப் போடுகிற பயணிகள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு வனச்சட்டம், சமூக வனச் சங்கங்கள் வழியாகச் சுற்றுக் கிராம மக்களுக்குக் காட்டைப் பயன்படுத்தச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. உலர்ந்த விறகு பொறுக்க அனுமதிச்சீட்டு வைத்திருக்கக்கூடும் அவர்கள். கேட்காமல் படம் எடுக்க உங்களுக்குத்தான் அனுமதியில்லை.

போலீஸ் நிறுத்தினால் பதற வேண்டாம். ஒருவரைக் கைது செய்தால் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் உடனே சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுக் கென்ய அரசியல் சட்டத்தின் 49-ஆவது பிரிவு சொல்கிறது. வார இறுதி குறுக்கிட்டால் அடுத்த நீதிமன்ற நாள். நைரோபியிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை. அவசர எண் 999 அல்லது 112. தூதரக எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

கடைசியாகப் பணம். கென்ய நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால், அந்நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் உண்டா, கேட்டோ என்கிற சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையில் தனிநபர் எண்ணுக்குப் பெரிய தொகை அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோர ஒரு வழியாவது இருக்கும்.

இந்திய நிறுவனம் மூலம் போனால் உங்கள் கை இன்னும் ஓங்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ‘எக்காரணத்தாலும் முன்பணம் திரும்பாது’ என்று அச்சிட்டிருப்பதாலேயே அது முடிந்த கதை ஆகாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில ஆணையத்தில் கேள்வி கேட்க அதே சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு நிறுவனம் பிடித்த வரியையும் மறந்துவிடாதீர்கள். வருமானவரிக் கணக்கில் காட்டி ஈடுசெய்துகொள்ளலாம்.

டர்னர் எரெமோமெலா தென்படவில்லை என்று எந்த ஆணையத்திலும் வழக்காட முடியாது. பறவை வழிகாட்டி தருவதாக எழுதிவிட்டு வண்டி ஓட்டுநரையே வழிகாட்டி என்று நிறுத்தினால் முடியும். அதற்கு அந்த எழுத்து உங்களிடம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டத்தையும் மாற்றிச் சொன்ன செய்திகளையும் நாள் நேரத்தோடு சேமித்து, காட்டுக்குள் இருக்கும்போதே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் புகார் போட்டுவிடுங்கள். ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து எழுதும் புகாரைவிட அதற்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம்.