எதிர்வாதமற்ற மணவிலக்கும் இலங்கைப் பொதுச் சட்டமும்

பிரிந்து வாழத் துணிந்த கணவனும் மனைவியும், நீண்ட வழக்காடலால் தம்மையும் தம் பிள்ளைகளையும் வருத்தாது அமைதியாக மணவிலக்குப் பெறுதல் கூடுமா என்னும் வினா இன்று நம்மிடையே அருகியதொன்றன்று. ‘எதிர்வாதமற்ற மணவிலக்கு’ என்னும் தொடரைக் கேட்போர் பலர், இருவரும் உடன்பட்டு ஒப்பமிட்டால் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிடும் என எண்ணுகின்றனர். இலங்கையின் பொதுச் சட்டத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது. இத்தவறு சொத்துரிமை, பிள்ளைகளின் பராமரிப்பு, மறுமணம் ஆகிய யாவற்றையும் தாக்கவல்லதாதலின், இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு மூன்று காரணங்களையே ஏற்கின்றது. மணத்தின் பின் நிகழ்ந்த பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது கூடற்கியலாமை என்பனவே அவை. உடன்பாடு என்பது இவற்றுள் இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டே எனச் சிலர் வினவலாம். தேசவழமை இன்று கணவன் மனைவியரின் சொத்தையும் வழியுரிமையையும் ஆள்வதேயன்றி, மணவிலக்குக்கான காரணங்களை வகுப்பதன்று. ஆயின், இதே தீவில் 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணந்தோர் பரஸ்பர சம்மதத்தையே காரணமாகக் காட்டி, நீதிமன்றம் ஏறாது மாவட்டப் பதிவாளரிடம் விடுதலை பெறலாம். ஒரு நாட்டின் குடிகளுள் ஒரு சாராருக்கு இயல்வது மறுசாராருக்கு இயலாதிருத்தல் சிந்தனைக்குரியதாகும்.

அவ்வாறாயின், பொதுச் சட்டத்தில் எதிர்வாதமற்ற வழக்கு என்பது யாது? ஒருவர் வழக்காளியாகி மற்றவரின் குற்றத்தை எடுத்துரைத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடுகின்றார். எதிராளி மறுமொழி அணியாது விடுகின்றார். அல்லது அணிந்த மறுமொழியைக் கைவிடுகின்றார். நடைமுறையில் அதன் பொருள் இவ்வளவே. அப்போதும் வழக்காளி சாட்சிக் கூண்டில் ஏறிக் காரணத்தை நிறுவவேண்டும். மறுப்பார் இல்லை என்பதனால் மட்டும் நீதிபதி தீர்ப்பளித்தல் ஆகாது. உண்மைகளைத் தாமே ஆராய்ந்து திருப்தியுறுதல் அவர் கடன். இருவரும் கூடிப் பொய்யாகப் புனைந்த வழக்கெனக் கண்டால் அதனைத் தள்ளிவிடுதலும் கடனேயாம்.

இவ்விடத்திற்றான் சட்டத்தின் முரண் வெளிப்படுகின்றது. இத்தகைய வழக்குகளிற் பெரிதும் கையாளப்படும் காரணம் வன்மத்துடன் கைவிடல் ஆகும். அதற்கு இரு கூறுகள் வேண்டும். ஒன்று, கூட்டு வாழ்வு உண்மையில் முறிந்திருத்தல். மற்றையது, நியாயமான காரணமின்றி அவ்வாழ்வை முடித்துவிடும் நோக்கு. இருவரும் மனமொத்துப் பிரிந்தாராயின் அங்கே கைவிட்டவரும் இல்லை, கைவிடப்பட்டவரும் இல்லை. ஆகவே எவ்வளவுக்கெவ்வளவு பண்பாகப் பிரிகின்றனரோ, அவ்வளவுக்கவ்வளவு அவர்களது வழக்கு சட்டத்தின் அச்சுக்குள் அடங்காது போகின்றது. பகைத்துப் பிரிந்தோருக்கு வழி திறந்திருக்க, பகையின்றிப் பிரிந்தோர் பகையைக் கற்பிக்க நேர்தல் விரும்பத்தக்கதன்று என்பதே என் கருத்து.

வீட்டைவிட்டு வெளியேறியவரே கைவிட்டவர் எனக் கொள்ளுதலும் பிழையாகும். கணவனின் கொடுமை தாங்காது மனைவி தாய்வீடு சென்றிருப்பின், சட்டத்தின் கண்ணிற் கைவிட்டவன் கணவனே. இஃது அறியாத பெண்கள், தாமே வெளியேறினோம் என்னும் தயக்கத்தால் எதிராளியாக நிற்க இசைந்து, செய்யாத குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொள்வதுண்டு.

ஏழாண்டு பிரிந்திருந்தால் மணம் தானே தீரும் என்றொரு நம்பிக்கையும் பரவலாக உள்ளது. 1977 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608 ஆம் பிரிவில், ஏழாண்டுகள் உண்டியாலும் உறைவாலும் பிரிந்து வாழ்ந்தோர் மணநீக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம் என வழிசெய்தது உண்மையே. ஆயினும் அது நடைமுறை பற்றிய ஏற்பாடேயன்றிப் புதியதொரு காரணமன்று, குற்றம் நிறுவப்படல் வேண்டும் என 1986 இல் அறிக்கையிடப்பட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பு உரைத்தது. எனவே ஆண்டுகளை எண்ணிக் காத்திருத்தல் மட்டும் போதாது.

இவ்வழி யாருக்குப் பொருந்தும்? காரணம் உண்மையாகவே இருந்து, எதிராளி அதனை மறுக்க விரும்பாது, சொத்தும் பிள்ளைகளும் பற்றிய உடன்பாடு முன்னரே எழுத்தில் அமைந்துள்ளவிடத்துப் பொருந்தும். மற்றையோர் தயங்குதல் நலம். தேசவழமைக்கு உட்பட்டோரிடை இதன் முக்கியத்துவம் பெரிது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்றல் இயலாது. பிரிந்து பல்லாண்டு கழிந்தும், மகளின் படிப்புக்கோ வைத்தியச் செலவுக்கோ தன் காணியை விற்கமுடியாது நிற்கும் பெண்ணுக்கு மணவிலக்கு ஓர் அவசரத் தேவையாய்த் தோன்றும். அவளுக்கு வேறொரு வாயிலும் உண்டு. கணவன் கைவிட்டவிடத்தும், இருவரும் உடன்பட்டுப் பிரிந்தவிடத்தும், சம்மதம் நியாயமின்றி மறுக்கப்பட்டவிடத்தும் மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்கு ஈடாக அனுமதியளிக்கலாம். காணிக்காக மட்டும் குற்றத்தை ஏற்று மணவிலக்குக்கு விரைய வேண்டியதில்லை. தேடியதேட்டத்தின் பங்கீட்டையோ வழக்கு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுதல் பிற்காலப் பிணக்குக்கு வித்திடும்.

பிள்ளைகளின் காவல் பற்றிப் பெற்றோர் செய்யும் உடன்பாடு நீதிமன்றத்தைக் கட்டாது. பிள்ளையின் நலனே அங்கு அளவுகோல். பராமரிப்போ மணவிலக்கை எதிர்நோக்கி நிற்பதன்று. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் அதனைத் தனியே கோரலாம்.

அச்சத்தால் வாய்மூடியிருத்தல் உடன்பாடாகாது. அடி உதைக்கு அஞ்சி எதிர்வாதம் செய்யாதிருக்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டுவது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழான பாதுகாப்புக் கட்டளையாகும். எதிராளி தோற்றாமையால் ஒருதலையாகத் தீர்ப்பாணை பிறந்துவிடினும், அது தமக்குச் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள், தோற்றாமைக்குத் தக்க காரணங்காட்டி அதனை நீக்குமாறு கேட்கலாம். பொருளறியாது தீர்ப்பாணையை மடித்து வைத்துவிட்டோர் இவ்வாய்ப்பை இழக்கின்றனர்.

இறுதியாக மறுமணம். நீதிபதி முதற்கண் வழங்குவது இடைக்காலத் தீர்ப்பாணையேயாகும். குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முற்றான தீர்ப்பாணை ஆக்கப்படும்வரை மணம் நீடிக்கின்றது. கணவனோ மனைவியோ கனடாவிலோ பிரான்சிலோ வாழ்வாராயின், அழைப்பாணையை அங்கே சேர்ப்பிக்க நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டியிருத்தலின் காலம் மேலும் நீளும். முற்றான தீர்ப்பாணைக்கு முன் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லுபடியற்றது. இருதார மணக் குற்றமும் ஆகும். ஆதலின் புதுமணத்துக்கு நாள் குறிக்குமுன், முற்றான தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவகத்திற் பெற்றுக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.