ஆட்டத்தைக் குறை சொல்லுங்க... ஆடுற பிள்ளையை அல்ல!

காலாண்டுப் பரீட்சை நெருங்குகிற நாட்களில் என் வைத்தியசாலைக்கு இரண்டு வகைப் பிள்ளைகள் வருவார்கள். கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. காரணமே தெரியாத வயிற்றுவலி, ராத்திரித் தூக்கமில்லை, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அம்மா கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. விசாரித்துப் பார்த்தால் நிறையப் பேர் பள்ளிக்கூட நடனக் குழுவில் இருப்பார்கள். போட்டி சீசன் அதுதானே!

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. அதற்குப் பிறகு பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறுகிற போட்டி, மேடையையே பார்க்காத பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு ஏற்கெனவே சுழற்கோப்பை, சங்கத்துப் போட்டி என்று ஆயிரம் உண்டு. நல்ல விஷயம்தான். ஆடுகிற பிள்ளைக்கு இதயத்துக்கும் நல்லது, எலும்புக்கும் நல்லது. என் கவலை ஆட்டத்தைப் பற்றியது அல்ல. ஆடி முடித்தபிறகு பெரியவர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளைப் பற்றியது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. கும்மிக் குழுவில் ஆடுகிறாள். வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் மூன்று வாரமாக வலி. அம்மாவுக்கே முந்தின நாள்தான் தெரியுமாம். பாத்ரூமுக்குப் போகும்போது சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“ஏம்மா இவ்வளவு நாளா சொல்லலை?”

“சொன்னா என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க டாக்டர். போன போட்டியிலேயே மைக்ல சொல்லிட்டாங்க... மூணாவது வரிசையில நிக்கிற பொண்ணாலதான் டீம் கவுந்துச்சுன்னு.”

எலும்பின் மேல் விரல் நுனியால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் பெரும்பாலும் தசையும் எலும்புச் சவ்வும் படுகிற சிரமம். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். இவளுக்கு ஒரே புள்ளியில், பத்துப் பைசா அளவு இடத்தில் மட்டும் உயிர் போகிற வலி. இந்த மாதிரி வலிக்குத் தைலம் கொடுத்து அனுப்பக்கூடாது. எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். முடி போன்ற கீறல். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு தினமும் இரண்டு மணி நேரம் தட்டித் தட்டி வந்தது. முதல் வாரத்திலேயே நிறுத்தியிருந்தால் சின்ன ஓய்வோடு போயிருக்கும். இப்போது ஆறு முதல் எட்டு வாரம். (இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். ‘எக்ஸ்-ரே நார்மல், வலி மட்டும் போகலை’ என்றால் மறுபடி காட்டுங்கள்.)

காலைக் கெடுத்தது சிமென்ட் தரை. வலியை வாய்விட்டுச் சொல்லவிடாமல் செய்தது அந்த மைக்!

அடக்கக்கூடாத ஐந்து

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக எழுப்புகிற தேவைகள் அவை. அடக்கினால் நோய். தும்மல், இருமல், கொட்டாவியெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அதே பட்டியலில் பசி, நீர்வேட்கை, இளைப்பு, தூக்கம், கண்ணீர் என்ற ஐந்தும் இருக்கின்றன. மலத்தையும் சிறுநீரையும் சொல்கிற இடத்தில் கண்ணீரையும் கொண்டுபோய் வைத்தார்களே, சித்தர்கள் சும்மாவா சொன்னார்கள்!

போட்டிக்குத் தயாராகிற பிள்ளையைப் பாருங்கள். ‘குண்டா இருக்கே, டிரெஸ் பிடிக்குது’ என்று சொன்ன நாளிலிருந்து பசியை அடக்குகிறாள். ஒத்திகை நடுவில் பாத்ரூம் போனால் திட்டு விழும் என்று தாகத்தை அடக்குகிறாள். ‘சோம்பேறி’ என்ற பேர் வாங்கக்கூடாது என்று இளைப்பை அடக்குகிறாள். சொன்ன வார்த்தை மனதில் ஓடிக்கொண்டே இருப்பதால் தூக்கம் போச்சு. ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்பதால் கண்ணீரும் போச்சு. தவறாகச் சொன்ன ஒரு குறை, ஐந்து வேகங்களையும் ஒரே மூச்சில் அடக்கிவிடுகிறது.

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ‘சூப்பர்... சூப்பர்...’ என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறவர்களைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கஷாயம் என்று கொடுக்கிற வேலை அது. கசப்பு இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த வியாதிக்கு என்பதுதான் கேள்வி.

பின்னல் எங்கே சிக்கியது?

பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஒரு தமிழாசிரியை பின்னல் கோலாட்டம் பழக்குகிறார். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளும் வெளியுமாகச் சுற்றிச் சுற்றி ஆட, கயிறு ஜடையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு எதிர்ப்பக்கம் ஆடி அதை அவிழ்க்க வேண்டும். ஒரே ஒருத்தர் தப்பினாலும் அவிழாது. முதலுதவிக்காக நான் போயிருந்த ஒரு போட்டியில் இவர்கள் குழுவின் பின்னல் பாதியில் நின்றுவிட்டது. கயிறு மாட்டிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்துக் கூட்டமே உச்சுக் கொட்டியது. அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியை அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்கும் மோர் கொடுத்தார், சாப்பிட வைத்தார், பஸ் ஏற்றினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டாராம், “பின்னல் எங்கே சிக்குச்சு?” என்று. ‘யாரால’ என்று கேட்கவில்லை பாருங்க, ‘எங்கே’ என்றுதான் கேட்டார். செல்போனில் எடுத்த படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருக்கிறார். சத்தம் இல்லாவிட்டால் வரிசையும் வளைவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அடுத்து, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். கோல் தட்டுவது எந்த இடத்தில் சிதறுகிறது என்று காது சொல்லிவிடும். மாட்டிக்கொண்டவள் தப்பே செய்யவில்லை. அதற்கு எட்டுச் சுற்று முன்னால், உள்ளே போக வேண்டிய ஒருத்தி வெளியே போய்விட்டாள். அவளும் ஏன் போனாள்? தாளம் வேகமெடுத்துவிட்டது, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து ஆடினாள். கடைசியில் குழு முழுவதற்கும் அவர் சொன்ன குறை இரண்டே இரண்டு. “மூணாவது பாட்டுல தாளம் ஓடுது, பிடிச்சு நிறுத்துங்க. பக்கத்தாளைப் பார்க்காதீங்க, உங்க கயிற்றைப் பாருங்க.” அப்புறம் பாதி வேகத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் பத்துத் தடவை ஆட வைத்தார்.

வேறு குறை இல்லையா? இருந்தது. கை உயரம் சரியில்லை, முகத்தில் சிரிப்பில்லை, உடை மடிப்பு கோணல்... பன்னிரண்டு இருக்கும். “எல்லாத்தையும் சொன்னா ஒண்ணும் நிக்காதுங்க டாக்டர்” என்றார். நாங்கள் ஒரே வேளையில் பன்னிரண்டு மருந்து கொடுப்பதில்லையே, அதே கணக்குதான்.

குறையா, நோயா?

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடுவர்கள் ‘குறை’ என்று எழுதுகிற சில விஷயங்கள் உண்மையில் உடம்பு காட்டுகிற அறிகுறிகள்.

‘எனர்ஜி இல்லை, பாதியிலேயே தொய்ந்துவிடுகிறாள்’ என்று ஒரு குறிப்பு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் உற்சாகமா ஆடு’ என்று சொல்லி என்ன பிரயோஜனம்? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்கிற இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும்தான் அவளுக்குத் தேவையான விமர்சனம்.

‘வரிசையில் எப்போதும் அரை அடி தள்ளி நிற்கிறான்’ என்று ஒரு பையனைச் சொன்னார்கள். மேடைக்காகக் கண்ணாடியைக் கழற்ற வைத்திருக்கிறார்கள். பாவம், தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு அவனுக்குத் தெரிந்தால்தானே!

எடையைப் பற்றிய பேச்சு எல்லாவற்றையும்விட மோசம். குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஆடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு பலவீனப்படும், அந்த முடிக்கீறல் சுலபமாக வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-ல் இதற்குத் தனியாகப் பெயர் வைத்து, ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்று எச்சரித்தார்கள். ஆகவே ஒரு நடனக் குழுவில் ‘இளைக்கணும்’ என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. உடை பிடித்தால் தையலைப் பிரியுங்கள். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லையென்றால் ‘போட்டி நேரத்துல தொல்லையில்லை’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் பக்கத்து உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வளர்கிற பெண்களுக்காகவே வந்த பலகாரம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆடுகிற பிள்ளைக்குக் கூழோ அடையோ தினமும் கொடுங்கள்.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்கில் எந்தப் பிள்ளையையும் வரிசை சொல்லியோ உடை நிறம் சொல்லியோ அடையாளம் காட்டாதீர்கள். ‘அந்த ஸ்கூல் ஆடினதைப் பார்த்துக் கத்துக்கோங்க’ என்பதும் வேண்டாம். உடையின் விலை ஆட்டத்தின் குறை ஆகாது. நன்றாக இருந்த ஒன்று, திருத்த வேண்டிய ஒன்று, அது எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பயிற்சியாளர் கையில் கொடுத்தால் போதும். மறுநாள் அவர் பார்த்துக்கொள்வார்.

அம்மா அப்பாக்களே, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் வீடு வருகிறவரை ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ‘என்ன சாப்பிடுறே?’ போதும். ராத்திரி தூங்கப்போகும் முன்னால், ஜெயிச்சாலும் தோத்தாலும், ‘எங்கேயாவது வலிக்குதா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே காலை இழுத்து நடந்தால் காலைத்தான் நம்ப வேண்டும். கணுக்கால் பிசகியிருந்தால் முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், கட்டுப்போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றவே முடியவில்லையென்றால் எக்ஸ்-ரே. நொச்சி இலை ஒற்றடமெல்லாம் வீக்கம் வடிந்த பிறகு.

வலியைச் சொன்னால் இடம் போகாது

அந்தக் கோலாட்ட ஆசிரியையிடம் எனக்குப் பிடித்த பழக்கம் இன்னொன்று. ஒத்திகை தொடங்கும் முன் தினமும் “யாருக்கு எங்கே வலி?” என்று கேட்பார். கையைத் தூக்கினவர் அன்றைக்கு ஆடமாட்டார். ஆனால் வீட்டுக்கும் போகமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட வேண்டும், ஆடுகிறவர்களின் வரிசையைக் கவனித்து முடிவில் ஒரு குறை, ஒரு நிறை சொல்ல வேண்டும். குழுவில் அவர் இடம் அப்படியே இருக்கும். உட்கார்ந்து பார்த்த பிள்ளை திரும்பி ஆடவரும்போது முன்னைவிடத் தெளிவாக ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் குறை சொல்லவும் இதிலேயே பழகிவிடுகிறார்கள். ‘நீ சரியில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ரெண்டாவது திருப்பத்துல உன் இடது கை லேட்டு’ என்கிறார்கள்.

சில சமயம் ஒரு பிள்ளையைக் குழுவிலிருந்து எடுத்தே தீரவேண்டியிருக்கும். இருக்கிற குறைகளிலேயே சொல்லக் கஷ்டமானது இதுதான். வாட்ஸ்அப் குழுவில் புதுப் பட்டியலைப் போட்டுவிட்டு ‘புரிஞ்சுக்குவாங்க’ என்று இருந்துவிடாதீர்கள். பயிற்சி கொடுத்தவரே அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, நேராகச் சொல்ல வேண்டும். காரணம் என்ன, எதைப் பழகினால் மறுபடி பார்ப்போம், எந்தத் தேதியில் பார்ப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அழுதால் அழட்டும், கைக்குட்டையை நீட்டுங்கள், ‘அழாதே’ என்று சொல்லாதீர்கள். பிள்ளையிடம் சொன்ன பிறகு பெற்றோரிடம். அதற்கும் பிறகுதான் நோட்டீஸ் போர்டு.