குடலிறக்கமும் விரைவலியும்

விலங்கியல் பதிவேட்டில் தவளையின் விரைகளைக் கூச்சமின்றி வரைந்து பெயர் குறிக்கும் நாம், நம் உடலிலுள்ள அதே உறுப்பைப் பற்றிப் பேச நாணுகிறோம். என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். மாலையானால் விரையில் வலி. நான்கு ஆண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை. சூடு என்று எண்ணி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டதை அம்மா மட்டுமே அறிவார்.

வீக்கம் ஓரிடம், வலி வேறிடம். ஏன்?

விடை, நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கருவில் விரைகள் தோன்றுவது விரைப்பையில் அன்று. வயிற்றினுள், சிறுநீரகங்களின் அருகே. (யானைக்கு வாழ்நாள் முழுவதும் அவை அங்கேயே உள்ளன!) மனிதனில் ஏழாம் மாத அளவில் அடிவயிற்றுச் சுவரிலுள்ள ஒரு குறுகிய கால்வாய் வழியே அவை கீழிறங்குகின்றன. வயிற்று உறையின் ஒரு பையும் கூடவே இறங்கிப் பின்னர் மூடிக்கொள்ளும். அது மூடாமற் போனாலோ, முதுமையாலும் நாட்பட்ட இருமலாலும் முக்கலாலும் தசைச்சுவர் தளர்ந்தாலோ, குடல் அவ்விடத்தில் பிதுங்குகிறது. இதுவே நம் ஊரார் சொல்லும் 'குடலிறக்கம்'.

பெரியவர்களுக்கு அக்கால்வாயின் நீளம் சுமார் 4 செ.மீ. விரைக்குரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் விந்து நாளமும் ஒரே வடமாக அதன் வழியேதான் செல்கின்றன. அந்த ஒற்றையடிப் பாதையில் குடலும் நுழைந்தால் வடம் நெருக்குண்கிறது. விரை கனத்து, இழுப்பதுபோல் வலிக்கிறது. குடல் விரைப்பைவரை இறங்கினால் ஒரு பக்கம் பெருத்துத் தோன்றும். இரத்தவோட்டம் தடைப்பட்டால் விரை சுருங்கவும் கூடும். கபடியில் அவ்விடம் அடிபட்டால் வயிறு பிசைவதும் இந்தப் பழைய உறவினால்தான்.

படுத்தால் உள்ளே போகும் வீக்கம் போக மறுத்து, வலியும் வாந்தியும் கண்டால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. வீக்கமே இன்றி ஒரு விரையில் திடீரெனக் கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். நம் வயதினருக்கு வருவது இது. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அப்பாவுக்குச் சென்ற ஐப்பசியில் ஒரு நள்ளிரவு குடல் சிக்கியது. நெல் லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குடல் பிழைத்தது, வலது விரை சில மாதங்களில் சுருங்கிப்போயிற்று. தளர்ந்த சுவரைத் தைத்து வலுப்படுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் பாசினி 1887இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் வலை வைத்துத் தைக்கிறார்கள். சிக்குவதற்கு முன்பே சென்றிருந்தால் எளிதாக முடிந்திருக்கும்.

வார்டில் அப்பாவுக்கு ஒரு தாளில் கால்வாயை வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இதெல்லாம் ஒம் படிப்புல இருக்கா? முன்னாடியே கேட்டிருக்கலாமேடா" என்றார். இப்போது மண்டியில் சாக்குத் தைக்கிறார்.