எல்லையோரப் பள்ளியும் நம் பிள்ளைகளும்



கேரள, தமிழக எல்லையில் அமைந்த சிற்றூர் பனச்சமூடு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, உறவுகள் அறுந்துபோகவில்லை.

ஆகவே இப்பகுதித் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் கேட்டு வளர்கின்றனர். வார நாட்களில் பாடம். நண்பகலில் பள்ளிச் சோறு. வெள்ளி பிற்பகலில் 'சாகித்திய சமாஜம்' நடத்துவது கேரளப் பள்ளிகளின் பழைய வழக்கம். கூச்சமுள்ள பிள்ளையும் அங்கே எழுந்து நின்று பாடக் கற்றுக்கொள்கிறது. ஞாயிறன்று அதே பிள்ளை சபையில் தமிழ்ப் பாடலை உரக்கப் பாடுகிறது. வேதாகமத்தைத் திறந்தாலோ எழுத்துக்கூட்டவும் தடுமாறுகிறது.

மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. அவ்வசதி எட்டாத இடத்தில் வீடே பள்ளியாக வேண்டும்.

மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறிய நமக்கும் இதே பாரம் உண்டல்லவா? தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன்; தாய் யூத ஸ்திரீ. இரு மொழிகளுக்கு நடுவே வளர்ந்த அவனுக்கு விசுவாசத்தின் முன்மாதிரிகளாய் விளங்கியவர்கள் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளுமே.

குடும்ப ஜெபத்தில் நாள்தோறும் ஒரு வசனத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும். தவறினால் கடிந்துகொள்ளாதிருங்கள். எல்லையோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இம்மாதம் ஜெபிப்போமாக.