மருந்துச் சீட்டில் கடற்கரை!

ரத்தக் கொதிப்பு என்று டாக்டரிடம் போகிறார் ஒருவர். டாக்டர் சோதித்துப் பார்க்கிறார், மாத்திரை எழுதுகிறார். கூடவே இன்னொரு தாளையும் எடுத்து நீட்டுகிறார். அதில் மருந்தின் பெயர் எதுவும் இல்லை. கடலோரமாக நடந்து வரும்படியும், பறவைகளைக் கவனிக்கும்படியும் அந்தத் தாள் சொல்கிறது!

இது கற்பனையல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவே கிடக்கும் ஷெட்லண்டுத் தீவுகளில் 2018 அக்டோபரில் இந்த ஏற்பாடு வந்தது. அரசாங்க சுகாதார இலாகாவும் பறவைகள் பாதுகாப்புச் சங்கமும் கை கோத்து, தீவுகளிலுள்ள 10 வைத்திய நிலையங்களிலும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய், மனச் சோர்வு உள்ளவர்களுக்காக, எந்த மாதத்தில் வெளியே சென்று எதைப் பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று ஒரு நாட்காட்டியும் தயாரித்தார்கள்.

ஜன்னலும் சுவரும்

மரத்தைப் பார்த்தால் நோய் தீருமா? அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு விடை தேடினார். பென்ஸில்வேனியாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் குறிப்புகளைப் புரட்டினார். ஒத்த வயதும் நிலைமையும் உள்ளவர்களை 23 ஜோடிகளாகப் பிரித்தார். ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருடைய ஜன்னலுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-ல் வெளியான இந்த முடிவு வைத்திய உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

வாரம் 2 மணி

எவ்வளவு நேரம் போதும்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்த ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. வாரத்தில் 2 மணி நேரமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே, உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் 2 மணி கழித்தாலும், பல நாட்களாகப் பிரித்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. வெளியே உலாவியதால் அவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்களா? அல்லது ஆரோக்கியமாக இருந்ததால் உலாவினார்களா? இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடை, சுத்தமான காற்று, ஓயாத கவலையிலிருந்து மனத்துக்குக் கிடைக்கும் ஓய்வு — எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன.

சீட்டு மட்டும் போதுமா?

கானடாவில் 2020-ல் தொடங்கிய இத்தகைய திட்டமும் வாரம் 2 மணி என்றே சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்குக் கட்டணமின்றிச் செல்லும் அனுமதியை எழுதிக் கொடுக்க 2022-ல் டாக்டர்களுக்கு வழி செய்யப்பட்டது.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. காலை முதல் இரவு வரை உழைப்பவருக்கு 2 மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? ஒரு மரம்கூட இல்லாத தெருவில் குடியிருப்பவர் எங்கே போய் உலாவுவார்? மாத்திரையைக் கடையில் வாங்கலாம்; நிழலை ஊரார்தான் வளர்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போகும்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகும்படிதான் சொல்கிறார்கள். போவதற்கு மரத்தடி இருந்தால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு!